சோஃபாவில் யாரும் உட்காருவதில்லை

காது டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று நான் மூக்கைச் சிந்தியதோடு போன வாரப் பத்தியை நிறுத்தியிருந்தேன். படிக்காதவர்களுக்காக நாலு வரி.

என் மாமனார் தாக் மான்ஹோ இருபத்தெட்டு வருடம் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. எந்தப் பாதி என்பதுதான் டாக்டர் சொன்ன செய்தி. கீச்சென்று கேட்கிற ஒலிகள் போயே போய்விட்டன. குருவி, போன் மணி, வயலின், ஒன்றும் கிடையாது. காதில் மெஷின் மாட்டினால் எல்லாமே தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்குமாம். ஆனால் அடிக்குரல் ஒலிகள்? "முப்பது வயசுக்காரர் காது மாதிரி இருக்கும்மா" என்றார் டாக்டர்.

இதில் அழ என்ன இருக்கிறது என்றால், என் நாத்தனார் ஹேரிம் இருக்கிறாள். அவள் வாசிப்பது டபுள் பாஸ். வயலின் குடும்பத்திலேயே மூத்தது, ஆளைவிட உயரம், கனத்த குரல். இரண்டு வருடம் முன்னால் அவள் கச்சேரியில் மாமா பாதியில் எழுந்து போய்விட்டார். மேடையிலிருந்து அவள் பார்த்துவிட்டாள். அன்றோடு அப்பாவுக்கும் மகளுக்கும் நேரடிப் பேச்சு நின்றது.

மாமா காரணம் சொல்லவே இல்லை. "மெஷின் போட்டா எல்லாம் நல்லாத்தான் கேட்குது" என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக மகளின் கோபத்தைச் சுமந்துகொண்டு திரிந்த மனுஷர். டாக்டர் அறை வாசலிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், ஹேரிம் காதுக்கு இது போகக்கூடாது என்று. அட வீம்பே!

இன்று ஞாயிறு. மாமாவுக்கு எழுபத்து மூன்று முடிகிறது. ஹேரிம் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறாள். சாயங்காலம் நாலு மணி ரயிலைப் பிடித்து விமான நிலையம் போகிறாள். ஃபின்லாந்தில் ஓர் இசைக்குழுவில் இரண்டு வருட வேலை. அவள் கிளம்புவதற்குள் அவள் வாசிப்பை மாமா ஒரே ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். கேட்டார் என்று அவளுக்கும் தெரிய வேண்டும். இதுதான் என் ஆசை.

ஆயுதம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. டி.வி.க்குப் பக்கத்தில், மூலையில், ஒரு கறுப்பு பாஸ் பெட்டி, அடிக்குரல் ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கர். சினிமா பார்க்க என்று என் வீட்டுக்காரர் உசோங் ஆசையாக வாங்கியது. நாங்கள் பூசான் நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பில், பதினோராவது மாடி. பத்தாவது மாடி அம்மாள் இன்டர்காமில் மூன்று தடவை கூப்பிட்ட பிறகு அதன் தலையில் பூந்தொட்டியை வைத்துவிட்டேன். இரண்டு வருடமாக அது ஸ்டூல்.

புதன்கிழமை தொட்டியை இறக்கிவிட்டு, ஹேரிம் அண்ணனுக்கு அனுப்பியிருந்த தனி வாசிப்புப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். வூம்ம்ம் என்று ஒரே சத்தம். எந்த ஸ்வரம் எது என்றே தெரியவில்லை. அறையிலிருந்து எட்டிப் பார்த்த மாமா, அது மகளுடையது என்று தெரியாமல், "எந்தக் கப்பல் இது? பேரிங் போயிடுச்சு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ள நான் அடுக்களைக்குப் போக வேண்டியதாகிவிட்டது.

அதன் பிறகு உசோங் மூன்று ராத்திரி போனில் எதையெதையோ படித்துவிட்டு, ஒலியை அளக்கிற ஒரு மைக்கும், ஒலியைத் திருத்துகிற, சோப்புப் பெட்டி அளவில் ஒரு குட்டிப் பெட்டியும் வாங்கி வந்தார். ஒன்று புதிது, ஒன்று யாரோ வைத்திருந்தது. இரண்டு கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற காசோடு முடிந்தது. கணக்குப் போடுகிற மென்பொருள் இலவசமாம். யாரோ புண்ணியவான் எழுதி ஊருக்குக் கொடுத்திருக்கிறான்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே கூடத்தில் கடை விரித்துவிட்டார்.

"பெட்டி மேல ஒரு தப்பும் இல்ல போரம். நம்ம கூடம்தான் தப்பு" என்றார் என்னிடம்.

"வீட்டைக் குறை சொல்லாதீங்க. உங்க அப்பா காதுல விழும்... விழாது, இருந்தாலும்."

"கேளு. இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும் நடுவுல இருக்கற நீளம், ஹேரிமோட தடிச்ச தந்திக்குன்னே அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு. அந்த ஸ்வரம் வந்தா கூடமே சேர்ந்து கத்துது."

"அதுக்கு? சுவத்தை இடிக்கணுமா?"

"வேண்டாம். அந்த ஸ்வரம் வரும்போது மட்டும் அடக்கி வாசின்னு இந்தக் குட்டிப் பெட்டிகிட்ட சொல்லிட்டா போதும்."

சோஃபாவின் நடுவில் மைக்கைத் தாங்கியில் நிறுத்தினார். காது உயரத்துக்குச் சரிபார்த்தார். பாஸ் பெட்டி அடித்தொண்டையிலிருந்து மெல்ல ஏறுகிற ஓர் ஊளையை விட்டது. கணினியில் ஒரு கோடு வந்தது. கூடம் எதை ஊதிப் பெரிதாக்குகிறதோ அங்கே மேடு. எதை விழுங்குகிறதோ அங்கே பள்ளம். உசோங் மேட்டை வெட்டினார். பள்ளத்தைத் தூக்கிவிட்டார். மறுபடி ஊளை. கோடு இஸ்திரி போட்டது போல நேராகிவிட்டது.

"பாரு! பாரு!" பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி குதித்தார். சோஃபாவில் உட்கார்ந்து ஹேரிமின் பதிவைப் போட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். "ஒவ்வொரு தந்தியும் தனித்தனியா நிக்குது போரம். அப்பாவைக் கூப்பிடு."

மாமா வந்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். மெஷினைக் கழற்றிவிட்டுக் கேட்டார். ஒரு நிமிடம் ஆனது.

"நல்லா இருக்குப்பா" என்றார்.

பதின்மூன்று வருடமாக இந்த மனுஷருக்குச் சோறு போடுகிறேன். உப்பு இல்லாத கறிக்கும் இதே குரலில்தான் "நல்லா இருக்கும்மா" என்பார். அவர் எழுந்து அறைக்குப் போனதும் நான் உசோங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, மாமா பொய் சொல்றார்."

"கோடு நேரா இருக்கு. பாரு."

"கோட்டை நீங்களே வெச்சுக்குங்க. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்."

"அப்ப அவர் காதுதான் காரணம். டாக்டர் சொன்னது தப்பா இருக்கும். என்னால முடிஞ்சது இவ்வளவுதான்." கோபமாகச் சொன்னார். குரல் உடைந்திருந்தது. அவருக்கும் அப்பா, அவருக்கும் தங்கை.

நான் கீரை ஆயலாம் என்று தட்டை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தேன். ஹேரிமின் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தடிச்ச தந்தி அடங்கித்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது தந்தி வந்ததும் வயிற்றில் குத்து விட்டது. வூம்! நான் துள்ளி எழுந்தேன். எழுந்தால் சத்தமில்லை. உட்கார்ந்தேன், வூம். சோஃபாவில் ஏறி உட்கார்ந்தேன், அமைதி. இறங்கினேன், வூம்.

"என்ன பண்றே? உடற்பயிற்சியா?"

"என்னங்க, இந்த சோஃபாவுல கடைசியா யாரு உட்கார்ந்தா?"

உசோங் முழித்தார்.

நீங்களே சொல்லுங்கள். தோல் சோஃபா, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், வந்து எட்டு வருடம் ஆகிறது. அதில் இதுவரை உட்கார்ந்தது மடிக்காத துணிதான். நாங்கள் எல்லோரும், அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற கதகதப்பான தரையில் உட்கார்ந்து சோஃபாவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொள்கிறவர்கள். மாமாவும் அப்படித்தான் உட்கார்ந்தார். இந்த ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் இதே கதைதான். உசோங் போனில் படித்த, வெளிநாட்டுக்காரன் எழுதிய குறிப்பில் சோஃபாவில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற படம் போட்டிருந்தான். என் வீட்டுக்காரர் அந்தப் படத்து ஆளுக்குக் காது உயரம் அளந்திருக்கிறார்.

உசோங் தரையில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே. தரைக்கும் கூரைக்கும் சரிபாதி உயரத்துல அந்த மூணாவது தந்தி ஸ்வரம் செத்துப்போகும். சோஃபாவுல உட்கார்ந்தா காது அங்கதான் வரும். நான் பள்ளம்னு நினைச்சு அதைத் தூக்கி விட்டேன். தரைகிட்ட அது ஏற்கெனவே பொங்கிக்கிட்டிருக்கு."

"பொங்கினதுல இன்னும் ஒரு குடம் எடுத்து அவர் தலையில கொட்டியிருக்கீங்க."

"மேட்டை வெட்டு, பள்ளத்தை நிரப்பாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான்தான் கோடு அழகா வரணும்னு..."

"அழகை அப்புறம் பார்க்கலாம். மணி பதினொண்ணு."

மைக் தாங்கி தரை உயரத்துக்கு இறங்கவில்லை. டிஷ்யூ பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் மைக்கை டேப் போட்டு ஒட்டினோம். மாமாவைத் தரையில் உட்காரவைத்து, தையல் டேப்பால் தரையிலிருந்து அவர் காது வரை அளந்தேன். "சவப்பெட்டிக்கா?" என்று கேட்டார். "பிறந்தநாள் அதுவுமா என்ன பேச்சு மாமா!" என்று அதட்டினேன். அந்த உயரம் வர, டிஷ்யூ பெட்டிக்கு அடியில் இரண்டு தலையணை வைக்க வேண்டியிருந்தது.

ஊளை கிளம்பியது. பாதியில் என் பேசும் குக்கர் கூடமெல்லாம் கேட்கிற குரலில், "சோறு தயார். நன்றாகக் கிளறி விடவும்!" என்று அறிவித்தது. கோட்டில் ஒரு முள் செடியே முளைத்துவிட்டது.

"அதை நிறுத்து!"

"அதுக்கு வாயை மூடத் தெரியாதுங்க. உங்க சொந்தக்காரங்க வாங்கிக் கொடுத்தது."

மறுபடி ஊளை. இந்தத் தடவை இன்டர்காம். பத்தாவது மாடி அம்மாள்.

"என்னம்மா நடக்குது அங்க? கப்பல் கிளம்பற மாதிரி இருக்கு."

"மன்னிச்சுக்குங்க அக்கா. மாமனாருக்குப் பிறந்தநாள். அவர் காதுக்குக் கேட்கற மாதிரி ஒரு பாட்டைச் சரி பண்றோம். அது சரியானா உங்களுக்கும் தொல்லை குறையும்னு இவர் சொல்றார். இன்னும் கொஞ்ச நேரம் மட்டும்."

"எங்க வீட்டுக்காரருக்கும் காது மந்தம்தான்" என்றாள். "பன்னெண்டுக்குள்ள முடிச்சிடு. மாமாவுக்கு வாழ்த்துச் சொல்லு." இரண்டு வருடமாக லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மாள்! நான் இன்டர்காமைப் பார்த்தே தலை குனிந்து வணங்கினேன்.

மாமா உட்காருகிற இடத்தில் ஒன்று, இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று, மூன்று இடத்திலும் அளந்தோம். உசோங் இந்தத் தடவை மேட்டை மட்டும் வெட்டினார். கோடு கொஞ்சம் கோணலாகவே இருந்தது. அதைப் பார்க்காமல் கணினியை மூடினேன். மாமாவைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்க்க நேரமில்லை. வாசல் மணி அடித்துவிட்டது.

ஹேரிம் கேக்கோடு நின்றாள். பெரிய பயணப் பெட்டி ஒன்றைப் பின்னால் இழுத்து வந்திருந்தாள். மெலிந்திருந்தாள்.

சாப்பாடு எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள்.

"அண்ணி, அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் கடல்பாசி சூப் வேணுமான்னு கேளுங்க."

"போதும்னு சொல்லும்மா."

"கறி இன்னொரு துண்டு?"

"அவளைச் சாப்பிடச் சொல்லு. அங்க போனா ரொட்டிதான் கிடைக்கும்."

இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. அதில் நான் தபால்காரி. பிறந்தநாள் என்றால் எங்கள் ஊரில் கடல்பாசி சூப். என் கிண்ணத்தில் அது ஆறிப்போனது.

தட்டுகளை எடுத்ததும் உசோங் தொண்டையைச் செருமினார். "ஹேரிம், நீ அனுப்பின பதிவு இருக்கே, அதை இப்பப் போடறேன்."

"வேண்டாம் அண்ணா."

"பதினோரு நிமிஷம்தான்."

"அவர் எழுந்து போறதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. தயவு செஞ்சு விட்டுடு."

அவள் சொல்லி முடிப்பதற்குள், மாமா இரண்டு காதிலிருந்தும் மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கேட்கத் தயாராகிறார் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

"பாருங்க அண்ணி! காதுல இருக்கறதைக்கூடக் கழட்டி வெச்சுட்டார். என் வாசிப்பு அவ்வளவு தொல்லை!" பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் கிளம்பறேன். ஸ்டேஷன்ல போய் உட்கார்ந்துக்கறேன்."

சத்தியம் என் நாக்கு நுனியில் நின்றது. உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"உட்காரு" என்றார் மாமா.

அவளைப் பார்த்துச் சொன்னார். நேராக. இரண்டு வருடத்தில் முதல் சொல். ஹேரிம் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உசோங் பொத்தானை அழுத்தினார்.

தடிச்ச தந்தி முதலில் வந்தது. கூடம் கத்தவில்லை. ஸ்வரம் வந்தது, நின்றது, போனது. அடுத்தது அதன் இடத்தில் வந்தது. மூன்றாவது தந்திக்கு ஏறியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குத்தவில்லை. பேசுகிற மாதிரி இருந்தது. வில் தந்தியைக் கவ்வுகிற இடம்கூடக் கேட்டது.

மாமா கண்ணை மூடவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை தரையில் பதிந்திருந்தது. எஞ்சின் அறையில் மனுஷர் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. எழுந்து போகவில்லை. அசையவே இல்லை. அந்தப் பதினோரு நிமிடமும் நான் யாருக்கெல்லாமோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் எடுத்துப் பேசிய டாக்டருக்கு, கீழ்வீட்டு அம்மாளுக்கு, மென்பொருளை இலவசமாகக் கொடுத்த முகம் தெரியாத புண்ணியவானுக்கு. நேர்க்கோட்டையே கட்டிக்கொண்டு அழுத என் வீட்டுக்காரருக்கும்தான், அவரிடம் சொல்ல மாட்டேன்.

வாசிப்பு முடிந்தது. ஹேரிம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல ஒரு இடம்" என்றார் மாமா. காதில் மெஷின் இல்லாததால் குரல் சற்று உரக்கவே வந்தது. "கீழேருந்து மேல ஏறிப் போறே. அங்க ஒரு ஸ்வரம் பிந்திப் போச்சு. அப்புறம் அவசரமா ஓடிப் பிடிச்சுட்டே. ஒரு சிலிண்டர் தவறின மாதிரி."

நான் உசோங்கைப் பார்த்தேன். போச்சு, பாராட்டச் சொன்னால் குறை சொல்கிறாரே இந்த மனுஷர்!

ஹேரிம் நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அது யாருக்கும் தெரியல" என்றாள். "பதிவு பண்ணினவருக்குத் தெரியல. என் வாத்தியாருக்கே தெரியல. எனக்கு மட்டும்தான் தெரியும்." அவள் பேசியது அவருக்கு எட்டவில்லை. உதட்டைத்தான் பார்த்தார். அவள் முட்டிபோட்டு அருகில் வந்து, கனத்த குரலில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "அப்பா. உங்களுக்கு. அது. கேட்டுச்சா?"

"இன்னிக்குக் கேட்டுச்சு." மாமா தரையைப் பார்த்தார். "அன்னிக்குக் கேட்கலம்மா. அத்தனை பேர் வாசிக்கறாங்க, என் காதுல தகரம் கிழியுது. நீ எங்கேயோ இருக்கே, உன்னைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கல. பக்கத்துல எல்லாரும் அழறாங்க, எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. அவமானமா இருந்தது. எழுந்து போயிட்டேன்."

அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தட்டினார். உசோங் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அழுது முடித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"மறுபடி போடு அண்ணா" என்றாள். அப்பாவின் பக்கத்தில் சோஃபாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். "எந்த இடம்னு அப்பா கையைத் தூக்கிக் காட்டட்டும். நானும் தூக்கறேன்."

"ஹேரிம், ரயில்..." என்று ஆரம்பித்தேன்.

"போடு அண்ணா."

தடிச்ச தந்தி மறுபடி ஆரம்பித்தது. அவள் பையில் போன் அடித்தது. கூப்பிட்டிருந்த டாக்ஸி கீழே வந்துவிட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. வாசிப்பு கீழிருந்து மேலே ஏறத் தொடங்கியது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கைகளும் ஒரே நொடியில் மேலே போயின.